டேஞ்சர் டானியின் நினைவு மலருக்கு

சர்மிளா, நீ தந்த பேனை நன்றாக எழுதுகிறது. மை கசியவில்லை. கடைப் பேனைகளை நான் நம்புவதில்லை, அரைப் பக்கத்தில் நின்றுவிடும். இது நிற்கவில்லை. அதனால்தான் நீ கேட்ட ஒரு பக்கம் இப்படி நீண்டுபோயிற்று.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலரில் உன் அண்ணனுடைய வாழ்க்கை வரலாறு வரவேண்டும், அதை எழுத இந்தக் குடும்பத்தில் மூத்தவர் நீங்கள்தான் பெரியப்பா என்றாய். அது சரி. உன் அம்மாவும் போய்விட்டார், அவருடைய தமக்கை என் மாக்கிரட்டும் போய்விட்டாள். மிச்சம் நான்தான். மாதிரிக்கு என்று வேறு நாலு பேருடைய மலர்களையும் தந்தாய். எழுத்துக் கூட்டி வாசித்தேன். நாலு பேரும் ஒரே ஆள்தான். கல்வியில் சிறந்து, பண்பில் உயர்ந்து, ஊருக்கு உதவி, சிரித்த முகத்தோடு செத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் விமலநாதன். அந்த மனிசன் சிரித்ததை இருபது வருஷத்தில் நான் ஒரு நாளும் கண்டதில்லை. எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. கண்டதைத்தான் எழுதத் தெரியும்.

டனிஸ்ரன் 1977இல் குருநகரில் பிறந்தான். தகப்பன் தொழிலுக்குக் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒன்பது வயதில் உன் அம்மா அவனையும் உன்னையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மொன்றியல் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். உங்களைக் கூப்பிட்டவன் நான். டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுக் கழுவிக்கொண்டு, லீவு நாளில் படிவம் நிரப்ப ஆள் தேடித் திரிந்தவன் நான். வந்த அன்று அவனுடைய குளிர் அங்கிக்குப் பொத்தான் பூட்டிவிட்டதும் நான். இதை மலரில் போடலாம்.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தான், வீட்டில் தமிழ் கதைத்தான், தொலைக்காட்சியில் இங்கிலீஷ் பார்த்தான். மூன்றையும் ஒன்றாகக் கலந்து மூச்சு விடாமல் சொன்னால் அதற்குப் பெயர் றாப் பாட்டு என்றார்கள். டனிஸ்ரன் என்ற ஞானஸ்நானப் பெயர் போய் டேஞ்சர் டானி வந்தது. இடுப்பில் நிற்காத காற்சட்டை. கழுத்தில் சைக்கிள் பூட்டுகிற சங்கிலி. அதற்குத் தங்க நிறம் அடித்துக் கொடுத்தது நீ, மறந்திருக்க மாட்டாய். முதல் கசெற் தொண்ணூற்றைந்தில் வந்தது. கோட் டே நேஷில் இருந்த அத்தனை தமிழ்க் கடையிலும் கருவாட்டுக்கும் மாசித் துண்டுக்கும் நடுவில் அடுக்கி வைத்திருந்தார்கள். வாங்கியவன் வீட்டில் பாட்டு இரண்டு நாளைக்குக் கருவாடு மணந்தது.

என்ன பாடினான் என்று எழுதாமல் கலை வாழ்க்கையை எழுத முடியாது. எனக்கு முழுவதும் பாடம்.

'ரொறொன்ரோவில மூண்டு, மொன்றியலில நாலு, எண்ணிப் பார் டானி போட்ட ஆக்கள் ஏழு' என்பது ஒன்று. 'வன்னிக் காட்டில வளந்தவன் நான், வாலாட்டினால் நறுக்குவன்' என்பது இன்னொன்று. வன்னியை அவன் வரைபடத்தில்கூடக் காட்டமாட்டான். அவன் பார்த்த ஒரே காடு மொன் ரோயல் மலை. அங்கேயும் அணில் கிட்ட வந்ததற்கு பூங்கா வாங்கில் ஏறி நின்றவன். உன் அம்மா மீன் வெட்டினால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பான். கசெற் அட்டையில் அவன் பிடித்திருந்த துவக்குக்கு உள்ளே தண்ணீர் ஊற்றினால் பீச்சும்.

சனம் அதை நம்பவில்லை. ஆனால் கைதட்டியது. நம்பாத ஒன்றுக்கு ஏன் கைதட்ட வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ரொறொன்ரோ கூப்பிட்டது, பாரிஸ் கூப்பிட்டது, சூரிச்சில் மேடை ஏறும்போது பெட்டைகள் கூவினார்களாம். அப்போதே ஒரு படிவம் நிரப்பிக் குடியுரிமை எடுத்திருக்கலாம். அந்தப் படிவம் உங்கள் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தில் பத்து வருஷம் தொங்கியது. "ஸ்ரார் போய் லைனில நிக்கிறதோ பெரியப்பா" என்றான். நான் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இனிக் கிடாரத்துக்கு வருகிறேன்.

மாக்கிரட்டிடம் ஒரு பெரிய கிடாரம் இருந்தது. ஒவ்வொரு ஆனி மாதமும் அந்தோனியார் திருநாளுக்குச் சனத்துக்குக் கொடுக்கிற சோறு அதில்தான் அவிவது. தொண்ணூற்றாறில் அவன் வீடியோ எடுக்கிறேன் என்று அதைத் தூக்கிக்கொண்டு போனான். உள்ளே பனிக்கட்டி மருந்து போட்டுப் புகை கிளப்பி, அதற்குப் பின்னால் நின்று ஆடினான். திருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. கிடாரம் வரவில்லை. நான் ரெலிபோன் எடுத்தேன். அவனுடைய செய்தி பதியும் மெசின்தான் பதில் சொன்னது. நான் அதற்குச் சொன்னேன்: "டேய் டனிஸ்ரன், என்ர கிடாரத்தைக் கொண்டந்து குசினியில வை. வைக்கேல்லையெண்டால் உன்ர முழங்காலைக் கழட்டி உன்ர கையிலயே தருவன்."

கிடாரம் அடுத்த நாள் வந்தது. என் குரல் திரும்பி வரவில்லை. அவன் அதை மெசினில் இருந்து எடுத்து, அடுத்த கசெற்றில் ஒரு பாட்டின் தொடக்கத்தில் போட்டான். பின்னால் மேளம் வைத்து, 'கழட்டி, கழட்டி, கழட்டித் தருவன்' என்று தேய்த்துத் தேய்த்து வைத்தான். அதுதான் அவனுடைய பெயர் பெற்ற பாட்டு. அவன் போட்ட ஏழு பேரைச் சனம் மறந்துவிட்டது. முழங்காலை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு என் பெயர் செபமாலை அல்ல. கோயில் வாசலில் முழங்கால் அண்ணை. டோர்வலில் தட்டுக் கழுவும் இடத்தில், ஒரு சொல்லுத் தமிழ் தெரியாத ஹெயிட்டி நாட்டுக்காரன்கூட என்னைக் கண்டால் குந்தி எழும்பிக் காட்டுவான். பாரிசில் இருந்து வந்த ஒருவன் என்னோடு படம் எடுக்க வேண்டும் என்று பஸ் ஏறி வந்தான். நான் கோபப்படவில்லை. பகிடியை எனக்கும் விளங்கும்.

ஆனால் ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. அந்த வசனம் நான் டனிஸ்ரனுக்கென்று கண்டுபிடித்தது அல்ல. கலியாணம் கட்டிய நாளில் இருந்து மாக்கிரட்டுக்குச் சொல்லி வந்தது. சொதிக்கு உப்புக் கூடினால் சொல்வேன், கதவு திறக்கப் பிந்தினால் சொல்வேன். அவளுக்கு விளங்கும். ஒரு தரத்துக்கு மேல் செய்துகாட்ட எனக்குத் தேவைப்படவில்லை. உன் பெரியம்மா படி ஏறும்போது ஒரு காலை இழுப்பது இந்த ஊர்க் குளிரால் என்றுதானே நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தக் கசெற் வீட்டுக்கு வந்த கிழமை, சம்பலில் தேங்காய்த் தும்பு கிடந்தது. நான் வழமைபோல முழங்காலைச் சொன்னேன். மாக்கிரட் சிரித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கையை ஓங்கினேன். அவள் கதிரையில் இருந்தபடியே 'கழட்டி, கழட்டி' என்று பாட்டின் மிச்சத்தைச் சொன்னாள். கை கீழே வந்துவிட்டது. பாட்டுக்கு மேல் எப்படி அடிக்கிறது? அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்த வீட்டில் என்னைக் கண்டு ஒருவரும் பயப்படவில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்காவது ஒருவரிடம் பயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தங்குமடம்.

இரண்டாயிரத்து ஐந்து கார்த்திகையில் மாக்கிரட் போனாள். பெட்டி திறந்திருந்தது. எல்லாரும் ஒரு நிமிடம் கண்ணை மூடிச் செபியுங்கள் என்று பாதர் சொன்னார். நான் கண்ணை மூடவில்லை, மூடினால் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. அப்போது நம்முடைய சொந்தக்காரன் அல்பேட்டின் காற்சட்டைப் பைக்குள் கைத்தொலைபேசி அடித்தது. அடித்தது மணி அல்ல, நான். 'உன்ர முழங்காலைக் கழட்டி உன்ர கையிலயே தருவன்.' அல்பேட் பதறிப்போய் எந்தப் பொத்தானை அமத்துவது என்று தெரியாமல் நிற்க, அது மூன்று தரம் சொன்னது. முதலில் கடைசி வரிசை வாங்கில் ஒரு சிரிப்பு. பிறகு நடுவில். பிறகு என் பக்கத்திலேயே, நீ. உன்னைக் குறை சொல்லவில்லை பிள்ளை, அழுகிற நேரத்தில் சிரிப்பும் வரும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற உன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மேடையில் காட்டுகிற மாதிரி இரண்டு விரலைத் தூக்கிச் சனத்துக்குக் காட்டினான்.

மாக்கிரட்டும் சிரிக்கவில்லை. அது எனக்கு ஒரு ஆறுதல்.

இதற்குள் அவனுடைய காலம் முடிந்திருந்தது. புதுப் பெடியன்கள் வந்துவிட்டார்கள். டேஞ்சர் டானி லவாலில் ஒரு பேரங்காடியில் பெட்டி அடுக்கினான். சனி ஞாயிறுகளில் பிறந்தநாள் வீடுகளில் பாடினான். 'போட்ட ஆக்கள் ஏழு' என்று பாடும்போது முன்னால் ஏழு வயதுப் பிள்ளைகள் பலூனோடு நின்றார்கள். பிறகு, இரண்டாயிரத்து ஆறு பங்குனியில், பாரிசில் யாரோ பழைய ஆட்களைக் கூப்பிட்டுப் பத்தாண்டு விழா வைக்கப் போகிறார்கள் என்று அவனுக்கு மறுபடி உயிர் வந்தது. அப்போதுதான் குளிர்ப்பெட்டியில் இருந்த படிவத்தைக் கழற்றி நிரப்பினான். ஒரு சின்ன றெக்கோடரோடு என் வீட்டுக்கும் வந்தான்.

"பெரியப்பா, பழைய கசெற்றில உங்கட குரல் இரையுது. ஒருக்காப் புதுசாச் சொல்லுங்கோவன்."

"என்னத்தை?"

"முழங்காலைத்தான்."

சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே. அவன் தலையை ஆட்டினான்.

"கோயிலில வாசகம் வாசிக்கிற மாதிரிக் கிடக்கு. கோவமாச் சொல்லோணும். நான் உங்கட கிடாரத்தைக் களவெடுத்தவன் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ."

"களவெடுத்தவன்தானே."

"ஆ, அந்தக் கோவம். அதோட சொல்லுங்கோ பாப்பம்."

நாலு தரம் சொன்னேன். நாலாந்தரம் முடிய அவன் பொத்தானை அமத்திவிட்டு என் தோளில் கையை வைத்தான்.

"பறவாயில்லை விடுங்கோ பெரியப்பா. உங்களுக்கு இப்ப அந்தப் பழைய கோவம் இல்லை. ஆரும் பெடியனைப் பிடிச்சு உங்களை மாதிரிச் சொல்லுவிக்கிறன்."

அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மூலையில் இருக்கிற தெப்பனேர் என்கிற சில்லறைக் கடைக்குப் போய்த் தபால் முத்திரை வாங்கினேன்.

அந்த வருஷம் புரட்டாதியில் இரண்டு வெள்ளைக்காரரும் ஒரு இந்தியத் தமிழரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எந்த அரசாங்கக் கந்தோர் என்று காட்டிய அட்டையை உன் அண்ணன் பார்க்கவே இல்லை. பாட்டுகளைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறோம் என்றதும் பேட்டி என்று நினைத்துவிட்டான். உன்னைக் கொண்டு றோல்ஸ் பொரிப்பித்தான். ஏழு பேரையும் ஒவ்வொருவராக விவரித்தான். வன்னிக் காட்டில் என்ன மரத்தடியில் படுத்தான், என்ன பாம்பு கடித்தது என்பது வரை சொன்னான். எல்லாம் உண்மையா என்று கேட்டதற்கு, டானியின் பாட்டில் பொய் இருக்காது என்றானாம். கடைசியில் ஒரு ஒப்பம் வேண்டும் என்றார்கள். இரசிகர்களுக்குப் போடுகிற மாதிரிப் பெரிய ஒப்பமாகப் போட்டான்.

என்னிடமும் வந்தார்கள். அந்த இந்தியத் தமிழர் மரியாதையான ஆள். "இந்த டேப்ல வர்றது உங்க வாய்ஸ்தானே சார்? இவரு அவ்வளவு மோசமானவரா?" என்றார். குரல் என்னுடையது, மிச்சத்தை அவனே பாட்டில் சொல்லியிருக்கிறான்தானே என்றேன். இதில் ஒரு சொல்லுப் பொய்யில்லை.

அவனைக் கொண்டுபோய், நாடு கடத்த இருக்கிற ஆட்களை வைக்கிற லவால் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். பேரங்காடிக்குப் போன அதே பாதை. ஒவ்வொரு வியாழனும் நான் பார்க்கப் போனேன், உங்களுக்குத் தெரியும். "பெரியப்பா மாதிரி ஒரு மனிசன் உண்டோ" என்று நீ உன் சிநேகிதி அஜிதாவுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது. அங்கே அவனுக்குக் காற்சட்டை இடுப்பில் நின்றது. அதைக் கவனித்தேன்.

"பெரியப்பா, இஞ்ச ஒருத்தரும் நம்பீனமில்லை. எல்லாம் சும்மா விட்ட புழுகு எண்டு சொன்னால், அப்ப ஏன் ஒப்பம் வைச்சனி எண்டு கேக்கினம்" என்றான்.

"ஏன் வைச்சனி?"

"கிண்டாதேங்கோ. திருப்பி அனுப்பினால் கொழும்பில என்னை உயிரோட வைச்சிருக்க மாட்டினம். அந்தக் காட்டுப் பாட்டு அங்கயும் கடையளில கிடக்கு. நீங்கள் வந்து கிடாரம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

அவனுக்காகக் கதைத்த சட்டத்தரணிப் பெட்டையும் அதைத்தான் சொன்னாள். அந்தக் கசெற்றில் உண்மையான ஆள் நீங்கள் ஒருவர்தான். முழங்கால் மிரட்டல் ஒரு சோற்றுப் பானைக்காக நடந்த சண்டை என்று நீங்கள் வந்து சொன்னால், மிச்சமும் விளையாட்டு என்று அவர்களுக்குக் காட்டலாம். பானையையும் கொண்டுவாருங்கள். அப்படித்தான் நீ எனக்கு மொழிபெயர்த்தாய். வேறு சாட்சி இல்லை என்றும் சொன்னாள். அவன் இங்கே இருப்பதும் போவதும் என் வாயில் இருந்தது. பத்து வருஷத்தில் முதல்தரமாக என் வாயைப் பார்த்து எல்லாரும் பயந்துகொண்டு நின்றீர்கள்.

அடுத்த வருஷம் வைகாசி பதினாறாம் தேதி காலையில் கிடாரத்தைப் பெட்சீற்றால் சுற்றி, சாமான் இழுக்கிற சில்லு வண்டியில் கட்டி, பிளாமொந்தோனில் மெற்றோ ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், பெரி என்கிற தரிப்பில் இறங்கினேன். அங்கே ஆற்றுக்கு அடியால் லொங்குய்ய் போகிற மஞ்சள் பாதை வண்டி நின்றது. அதில் ஏறினேன். எனக்கு லொங்குய்யில் ஒருவரையும் தெரியாது. ஒரு கிழவி கிடாரத்தைப் பார்த்துவிட்டு எனக்கு இடம் தந்தாள். மெர்சி என்றேன். அக்கரையில் இறங்கி ஒரு டோனட் சாப்பிட்டேன். பத்துமணிக்கு விசாரணை. பதினொன்றரைக்குத் திரும்பி வண்டி ஏறினேன்.

மெற்றோ ஆற்றுக்குக் கீழே இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டது என்று உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். அந்தக் கந்தோருக்குப் போக ஆற்றைக் கடக்கத் தேவையில்லையே பெரியப்பா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் என்றால் கேட்டிருப்பேன்.

மறுபடி ஒரு நாள் தரச்சொல்லி அந்தப் பெட்டை கெஞ்சினாள். கிடைக்கவில்லை. கார்த்திகையில் அவனை ஏற்றினார்கள். விமானம் டோர்வலில் இருந்துதான் போனது. வேலையில் இருந்து ஓய்வு எடுத்திருக்காவிட்டால் அவன் சாப்பிட்ட தட்டு எனக்குத்தான் கழுவ வந்திருக்கும்.

அவன் மூன்று மாதம் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தான். பிறகு ஒரு நாள் இல்லை. ஐந்து நாள் கழித்து ஒரு வாய்க்கால் கரையில் கண்டெடுத்தார்கள். யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. வைத்தியரின் கடிதம் வந்த அன்று உங்கள் விறாந்தையில் பதினாலு பேர் இருந்தோம். நீ வாசித்துக்கொண்டு போனாய். வலது முழங்காலைப் பற்றி ஒரு வரி இருந்தது. நீ அந்தச் சொல்லில் நின்றுவிட்டாய். அல்பேட் நிலத்தைப் பார்த்தான். அஜிதா மூக்கைச் சிந்தினாள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல்தரமாக, முழங்கால் என்ற சொல்லுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

நீதான் எல்லாரையும் கேட்டுக்கொண்டு திரிகிறாய், அந்தக் கசெற்றைக் கந்தோருக்கு யார் அனுப்பியது என்று. நான் அனுப்பினேன். முத்திரை வாங்கியதை மேலே எழுதியிருக்கிறேன். கசெற்றோடு தமிழில் ஒரு துண்டு வைத்தேன். 'இவன் செய்ததை இவனே சொல்கிறான், கேட்டுப் பாருங்கள்' என்று எழுதினேன். பெயர் போடவில்லை. தபாலில் போகிற கடிதத்தை யார் உடைப்பார்கள் என்று சொல்ல முடியாது. எழுபத்தொரு வயது வரை நான் எவன் சொன்னதையும் நம்பியதில்லை. அவன் சொன்னதை மட்டும் அவன் சொன்னபடியே விட்டேன். மற்ற எல்லாரும்தான் அவனைப் பொய்யன் என்கிறீர்கள்.

இன்னும் ஒன்று. அதோடு முடிகிறது.

மாசி மாதம், ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டு இருந்தேன். ரெலிபோன் அடித்தது. ஆள் யார் என்று தெரியாமல் நான் எடுப்பதில்லை, மெசின்தான் எடுக்கும். பழைய மெசின், உள்ளே சின்னக் கசெற் ஓடுவது.

"பெரியப்பா, நான் டனிஸ்ரன். எடுங்கோ. பூசை முடிஞ்சிருக்கும், வீட்டிலதான் இருப்பியள். என்னை லொட்ஜில இருந்து கூட்டிக்கொண்டு வந்திட்டினம். அந்தக் காட்டுப் பாட்டைப் போட்டுப் போட்டுக் கேக்கினம். சும்மா பாட்டு எண்டு சொன்னன், நம்பீனமில்லை. இந்தக் கசெற்றில கத்துறது என்ர பெரியப்பா, கனடாவில இருக்கிறார், அவரைக் கேளுங்கோ எண்டு சொன்னன். ஒரு நிமிசம் தந்திருக்கினம். பெரியப்பா. கிடாரத்தைச் சொல்லுங்கோ."

பிறகு வேறு ஒருவன் வாங்கினான். அரைகுறைத் தமிழ். "ஹலோ. யார் இருக்கிறது? இந்த ஆள் உங்கட சொந்தமா? தெரியுமா?"

அப்போது நான் எடுத்தேன். தெரியாது என்றேன். வைத்தேன்.

சீடர் இராயப்பர் சேசுநாதரை மூன்று தரம் தெரியாது என்று சொன்னவர். மோட்சத்துக் கதவைத் திறக்கிற திறப்பு அவர் கையில்தான் இருக்கிறது. நான் ஒரு தரம்தான் சொன்னேன். பாதரிடம் இதைச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது வெளியே போகாது என்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

இதுதான் உன் அண்ணனுடைய வாழ்க்கையும் கலைப்பணியும். எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் இல்லை, இருந்திருந்தால் வியாழன்களில் போயிருப்பேனா? மலரில் இடம் காணாவிட்டால் பள்ளிக்கூடப் பகுதியைச் சுருக்கு.

இந்தக் கடித உறைக்குள் அந்தச் சின்னக் கசெற்றும் இருக்கிறது. நான் எடுத்த பிறகும் மெசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் எல்லாம் விழுந்திருக்கிறது. நாலு தரம் சொல்லியும் அவனுக்குச் சரிவராத குரல், இந்தமுறை ஒரே தரத்தில் சரிவந்தது. இரையவும் இல்லை. முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் சனத்துக்குப் போட்டுக் காட்டுவதென்றால் சத்தத்தை நன்றாகக் கூட்டி வை. என் சொல் தெளிவாகக் கேட்கும். உன் அண்ணன்தான் கடைசியாக ஒரு தரம் பெரியப்பா என்கிறான், அது மிகவும் மெல்லியதாக இருக்கிறது.